நித்தியகல்யாணி: இலையும் மருந்தும்

திருநெல்வேலி, இராமநாதபுரம் முதலிய ஜில்லாக்களின் மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணி பயிராகிறது. சுடுகாட்டு மல்லியென்றும் இதனை வழங்குவர். இதன் இலையிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுக்கப்படுவதைக் கேள்வியுற்ற சிலர், அவ்விலையைக் கஷாயமாக்கி அருந்தத் துணிகின்றனர். இஃது அபாயமான செய்கை என்பதை விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

ஜமைக்காத் தீவில் இவ்விலைக் கஷாயத்தை நீரிழிவுக்கு அருந்தும் வழக்கமிருந்தது. 1952-இல் அங்கிருந்து கனடாவுக்குச் சில இலைகள் அனுப்பப்பெற்றன. ராபர்ட் நோபிள் என்னும் ஆராய்ச்சியாளர் அதன் சாற்றை எலிகளுக்கு ஊசிவழியே செலுத்தினார். எலிகளின் இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. வெள்ளணுக்களே வெகுவாகக் குறைந்தன. தொற்றுநோய் கண்டு எலிகள் மடிந்தன. அக்கேட்டையே வெள்ளணு மிகும் நோய்க்கு மருந்தாக்கலாமென அவர் கருதினார். சார்லஸ் பீர் என்பவருடன் சேர்ந்து அவர் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் 1958-இல் வெளியாயிற்று. வின்கிறிஸ்டின் என்னும் மற்றொரு சத்து 1963-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பெற்றது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு அஃது இன்றும் வழங்கப்படுகிறது.

தேகத்திலுள்ள உயிரணு இரண்டாகப் பிரியுங்கால், அதனுள் மெல்லிய இழைகள் தோன்றி, உட்பொருளை இருபாகமாகப் பங்கிடும். இம்மருந்துகள் அவ்விழைகள் உருவாகாவண்ணம் தடுக்கின்றன. பிரிய இயலாத அணு மடிகிறது. புற்றணுக்கள் ஓயாது பிரிவனவாதலின் மிகுதியும் அழிகின்றன.

ஆயினும் மருந்து நல்லணு, தீயணு என்று பார்ப்பதில்லை. மயிர்க்காலின் அணுக்களும் விரைந்து பிரிவனவே. ஆதலின் மயிர் உதிரும், பெரும்பாலும் பின்னர் வளரும். வின்பிளாஸ்டின் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி வெள்ளணுக்களைக் குறைக்கும். நரம்புகளுக்குள்ளும் இத்தகைய இழைகள் இருப்பதால், வின்கிறிஸ்டின் கைகால் விரல்களில் மதமதப்பையும் கடும் மலச்சிக்கலையும் உண்டாக்கும்.

ஒரு கிராம் வின்கிறிஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். பெரியவர்க்கும் ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பது வழக்கமன்று. அதுவும் இரத்தக்குழாய் வழியாக மட்டுமே. வாய்வழி உட்கொண்டால் இது செவ்வையாக உடலிற் சேராது. கஷாயத்திலோ வேறு பல சத்துக்களும் அளவறியாது கலந்திருக்கும். நோய் தீராது, கேடே விளையக்கூடும்.

ஆகவே, சாகுபடியாளர் இலையை விற்பனைக்கே கொள்க. உலர்த்தும் களத்தில் சிறுவரை அண்டவிடாதீர். சிகிச்சை பெறுவோர்க்குக் காய்ச்சல் கண்டால் தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். மதமதப்பு, மலச்சிக்கல் இவற்றை வைத்தியரிடம் மறையாது கூறினால், அவர் மருந்தின் அளவைத் திருத்துவார். சிகிச்சையை நிறுத்திவிட்டு இலையை நாடுதல் உயிருக்கே கேடாகும். கிராம அலுவலர்கள் இதனை ஊரார்க்கு எடுத்துரைப்பார்களாக.