போர்க்களத்தில் மருத்துவத் துணைப்பணியாளர்

கூமாப்பட்டியில் நடந்த வீட்டு ஜெபக்கூட்டத்தின் முடிவில், இராணுவ மருத்துவப் படையில் உதவியாளராகச் சேர விரும்பிய இளைஞர் ஒருவர், "ஐயா, சீருடை அணிந்தவன் பகைவனையும் நேசிக்க முடியுமா?" என்று வினவினார். சபைப் பிள்ளைகள் பலர் படையில் சேரும் நம் பகுதியில், இவ்வினா எந்த ஆயரையும் வந்தடையலாம். விடை கூறுமுன் அப்பணி யாதென அறிதல் நலம்.

போர்க்களத்தில் மருத்துவருக்கு முன்னரே காயமுற்றோனை அடைபவர் துணைப்பணியாளரே. குருதிப்பெருக்கை நிறுத்துதல், முறிந்த உறுப்பை அசையாது கட்டுதல், தூக்குக்கட்டிலில் சுமந்து முதலுதவி நிலையத்திற்கும், அங்கிருந்து கள மருத்துவமனைக்கும் சேர்த்தல் ஆகியன அவர் கடமைகள். 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை இவரைத் தாக்கலாகாது என விதிக்கிறது. தம்மையும் தம் நோயாளரையும் காக்க மட்டும் ஆயுதம் தாங்க இடமளிக்கிறது. சிகிச்சையில் யார் முந்துவது என்பதை மருத்துவ அவசரம் ஒன்றே தீர்மானிக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஆகவே, தன் படையினன், பகைவன் என்னும் வேறுபாட்டிற்கு அங்கே இடமில்லை.

இதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. கொரியப் போருக்கு இந்தியா போரிடும் படையை அனுப்பவில்லை. 1950 நவம்பரில் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவையே அனுப்பியது. அடுத்த மாதம் ஐ.நா. படைகள் பியோங்யாங்கை விட்டுப் பின்வாங்கியபோது, வாகன வசதியற்ற அப்பிரிவினர் மருத்துவக் கருவிகளைக் கைவிட மனமின்றி, ஓர் இரயில் இயந்திரத்தைத் தேடிப்பிடித்து, வாளிகளால் நீர் நிரப்பி, தாமே ஓட்டித் தெற்கே கொண்டுவந்தனர். 1951 மார்ச் 23 அன்று அவர்களுள் சிலர் அமெரிக்க வீரருடன் முன்சானில் வான்குடை கொண்டு குதித்தனர். தேகு நகரில் கொரியப் பொதுமக்களுக்கும் சிகிச்சை அளித்தனர். ரங்கராஜுக்கு மகாவீர் சக்கர விருது வழங்கப்பட்டது.

எனினும், இப்பணியின் பாரத்தை நாம் மறைத்தலாகாது. காயமுற்றோர் பலராய்க் குவியும்போது, பிழைக்கக்கூடியவனைக் காக்கும்பொருட்டு, பிழைக்க இயலாதவனைக் கடந்து செல்ல நேரிடும். லூக்கா பத்தாம் அதிகாரத்தில் ஆசாரியனும் லேவியனும் கடந்து போனதை நாம் எளிதாகக் கண்டித்துப் பிரசங்கிக்கிறோம். போர்முனையிலிருந்து திரும்பிய மருத்துவ உதவியாளர் அப்பிரசங்கத்தை எவ்வாறு கேட்பார்? இரக்கமின்மையால் அன்று, இரக்கத்தின் பொருட்டே கடந்து சென்றவர் அவர். ஆயினும், அவர் விட்டுச் சென்ற முகம் அவரை விடுவதில்லை. அவருக்குப் பாராட்டு மட்டும் போதாது. அவசரப்பட்ட ஆறுதலும் உதவாது. அவர் பேசும்வரை காத்திருந்து கேட்பதே ஆயரின் பணி.

அந்த இளைஞருக்கு, "தம்பி, முடியும்" என்றே விடையளித்தேன். "ஆனால், ஒருவனைக் கடந்து போக வேண்டிய நாள் வரலாம், அன்று நீ கடந்து போனவனையும் இச்சபை உன்னோடு சுமக்க வேண்டும்" என்றேன். அவ்வாறு சுமக்க நம் சபைகளை ஆயத்தப்படுத்தியிருக்கிறோமா?