வீடியோவை தட்டினால் 'லாகின் பண்ணு' என்கிறதா? பாஸ்வேர்டு போடும் முன் இதை படிங்க!

செல்போனில் செய்தி படித்துக்கொண்டு இருக்கிறீர்கள். நடுவில் ஒரு வீடியோ. தேரோட்டமோ, மழை வெள்ளமோ, பஸ் விபத்தோ ஏதோ ஒன்று. ஆசையாக தட்டினால் ஓடவில்லை. கறுப்பு கட்டம்தான் வருகிறது. 'நீங்கள் எந்திரம் இல்லை என்பதை உறுதி செய்ய லாகின் செய்யுங்கள்' என்ற அர்த்தத்தில் இங்கிலீசில் ஒரு வரி அதில் நிற்கிறது.

"ஏம்ப்பா, என்னை பார்த்தா மிஷின் மாதிரியா இருக்கு?" என்று எரிச்சலில் போனை கீழே வைப்பவர்கள் பலர். வேறு சிலரோ, கேட்கிறதே என்று பாஸ்வேர்டை தட்டி விடுகிறார்கள். அங்கேதான் வில்லங்கம். கேட்பது நிஜ யூ-டியூப்தானா, இல்லை பாஸ்வேர்டை சுருட்ட வந்த போலியா என்று பார்ப்பது கிடையாது.

இந்த லாகின் தொல்லை எங்கிருந்து வந்தது? இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஓட்டல் வாசலில் பீடா கடை

செய்தி தளத்தில் வீடியோ தெரிகிறதே தவிர, பெரும்பாலும் அந்த வீடியோ அந்த தளத்துக்குள் இருப்பது இல்லை. ஓட்டல் வாசலில் பீடா கடை இருக்கும் பார்த்திருப்பீர்கள். இடம் ஓட்டல்காரருடையது. ஆனால் பீடா கடையும், கல்லாவும் வேறு ஆளுடையது. "பீடா சரியில்லை" என்று ஓட்டல் முதலாளியிடம் சண்டை போட்டு பிரயோஜனம் இல்லை.

அதே கதைதான் இங்கும். செய்தி தளம் இடம் மட்டும் கொடுக்கிறது. அந்த சின்ன கட்டத்துக்குள் இருப்பது யூ-டியூப். யாருக்கு வீடியோவை காட்டுவது, யாரை நிறுத்தி கேள்வி கேட்பது என்பதை எல்லாம் முடிவு செய்வது அவர்கள்தான். அதனால் செய்தி தளத்துக்கு போன் போட்டு திட்டினாலும் அந்த கட்டம் திறக்காது.

யூ-டியூப் 2005-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2006-ம் ஆண்டு அதை கூகுள் நிறுவனம் 165 கோடி டாலருக்கு வாங்கியது. எந்த தளத்திலும் வீடியோவை ஒட்டிக்கொள்ளலாம், யாரும் பெயர் சொல்லாமல் பார்க்கலாம் என்று தாராளமாக விட்டதும் அது வளர்ந்ததற்கு ஒரு காரணம். அப்படி வளர்ந்த கடைதான் இன்று வாசலில் ஆளை நிறுத்தி "நீ யாரு?" என்று கேட்கிறது.

எந்திரங்கள் பண்ணிய வேலை

இதற்கு காரணம் 'பாட்' எனப்படும் தானியங்கி புரோகிராம்கள். இவை மனிதர் மாதிரி வந்து நின்று, வீடியோக்களை மொத்தம் மொத்தமாக அள்ளிக்கொண்டு போகின்றன. இவற்றுக்கு விளம்பரம் காட்டி பயன் இல்லை. யூ-டியூப்பின் விதிப்படி அனுமதி இல்லாமல் இப்படி அள்ளுவதும் தப்பு.

செயற்கை நுண்ணறிவு எனப்படும் ஏ.ஐ. வந்த பிறகு இந்த அள்ளல் பல மடங்கு ஆனது. ஏ.ஐ.க்கு பாடம் சொல்லிக்கொடுக்க மனிதர் பேசிய பேச்சு மலை மலையாக வேண்டும். அது யூ-டியூப்பில்தான் கொட்டிக்கிடக்கிறது. 10 லட்சம் மணி நேரத்துக்கு மேற்பட்ட யூ-டியூப் வீடியோக்களின் பேச்சை ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் எழுத்தாக மாற்றி எடுத்ததாக 2024-ம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை செய்தி வெளியிட்டது. அதே ஆண்டு ஜூலையில் இன்னொரு புலனாய்வு செய்தி வந்தது. 1 லட்சத்து 73 ஆயிரத்து 536 வீடியோக்களின் சப்-டைட்டில்களை பெரிய பெரிய நிறுவனங்கள் ஏ.ஐ. பயிற்சிக்கு பயன்படுத்தியதாக அதில் கூறப்பட்டது. வீடியோ போட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

எந்திரங்களை தடுக்க கெடுபிடி ஏறியது. அந்த கெடுபிடியில்தான் 'நீ மனுஷனா' கேள்வி சாதாரண ஜனங்களின் போனுக்கும் வந்து சேர்ந்தது. பெரிய கம்பெனிகளின் சண்டையில் மாட்டிக்கொண்டு முழிப்பது, வேலை முடிந்து வந்து ரெண்டு நிமிஷம் வீடியோ பார்க்க உட்காரும் ஆள்.

ஒரே கேட், நூறு குடித்தனம்

சரி, எந்திரத்தை பிடிக்கட்டும். நம்மை ஏன் சந்தேகப்படணும்? இங்குதான் விஷயமே இருக்கிறது.

இன்டர்நெட்டில் சேரும் ஒவ்வொரு இணைப்புக்கும் 'ஐ.பி.' என்று ஒரு கதவு எண் உண்டு. பழைய முறையில் உலகம் முழுவதற்கும் சேர்த்தே சுமார் 430 கோடி எண்கள்தான். உலக ஜனத்தொகை 800 கோடியை தாண்டிவிட்டது. வீட்டுக்கு 3 போன், ஒரு டி.வி. என்று ஆகிவிட்ட காலத்தில் இது எப்படி போதும்? பொது கையிருப்பில் இருந்த பழைய எண்கள் 2011-ம் ஆண்டு பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டன. அளவில்லாமல் எண்கள் தரும் புது முறை வந்துவிட்டது என்றாலும், பழையதும் கூடவே ஓடுகிறது.

அதனால் இணைப்பு தரும் கம்பெனிகள் ஒரு வழி செய்கின்றன. ஒரே எண்ணை ஏகப்பட்ட வாடிக்கையாளர்களுக்கு பங்கு போட்டு கொடுக்கின்றன. காம்பவுண்டு வீடுகள் மாதிரி. உள்ளே வரிசையாக எத்தனையோ குடித்தனம். தெருவில் இருந்து பார்த்தால் ஒரே கேட், ஒரே கதவு எண். கடைசி போர்ஷனில் ஒருத்தன் தில்லுமுல்லு செய்தால், போலீஸ் வந்து நிற்பது அந்த ஒரே கேட்டில்தான். முதல் போர்ஷனில் சிவனே என்று இருப்பவரையும் நிறுத்தி விசாரிப்பார்கள்.

யூ-டியூப் செய்வதும் அதுதான். ஒரு கதவு எண்ணில் இருந்து அளவுக்கு மீறி கோரிக்கை வந்தால் அந்த எண்ணின் மீதே சந்தேகம் விழுகிறது. லாட்ஜ், ஹாஸ்டல், ஆஸ்பத்திரி, கம்பெனி வை-பையில் இருப்பவர்களுக்கு இந்த செய்தி வர வாய்ப்பு அதிகம். வி.பி.என். போட்டவர்களுக்கு சொல்லவே வேண்டாம். எங்கோ இருக்கும் ஒரே எண்ணை உலகத்தில் பாதிப்பேர் பயன்படுத்துகிற மாதிரிதான் அது.

எனவே முதல் வைத்தியம் ரொம்ப சுலபம். வி.பி.என். இருந்தால் நிறுத்துங்கள். வை-பையில் இருந்தால் மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். டேட்டாவில் இருந்தால் ஏரோபிளேன் மோடை போட்டு, சில விநாடி கழித்து எடுங்கள். வேறு கதவு எண் கிடைத்தால், லாகின் இல்லாமலே வீடியோ ஓட வாய்ப்பு உண்டு.

லாகின் செய்தும் விடாது கறுப்பு!

இன்னொரு கொடுமை இருக்கிறது. ஏற்கனவே லாகின் செய்தவரிடமும் 'லாகின் செய்' என்று கேட்பது.

லாகின் செய்ததும் கூகுள் உங்கள் பிரவுசரில் ஒரு டோக்கன் போட்டு வைக்கும். அதற்கு பெயர் குக்கீ. நேராக யூ-டியூப் தளத்துக்கு போனால் அந்த டோக்கனை பார்த்து உள்ளே விட்டுவிடும். ஆனால் செய்தி தளத்துக்குள் இருக்கும் கட்டத்தில் யூ-டியூப் ஒரு வெளி ஆள். வெளி ஆளின் டோக்கனை பல பிரவுசர்கள் அனுமதிப்பது இல்லை. விளம்பர கம்பெனிகள் ஜனங்களை தளம் தளமாக பின்தொடர்ந்ததை தடுக்க வந்த பாதுகாப்பு இது. ஐபோனில் உள்ள சபாரி 2020-ம் ஆண்டில் இருந்து தடுக்கிறது. பயர்பாக்ஸ் 2022-ம் ஆண்டு அந்த டோக்கனை தளத்துக்கு தளம் தனித்தனி டப்பாவில் போட்டு பூட்டிவிட்டது. குரோமில் சாதாரணமாக தடை இல்லை, ஆனால் 'இன்காக்னிட்டோ' எனப்படும் ரகசிய ஜன்னலில் தடை உண்டு.

பாதுகாப்பு நல்லதுதான். ஆனால் டோக்கன் கையில் இருந்தும் காட்ட முடியாமல் வாசலில் நிற்கிற நிலைமை.

பேஸ்புக்கில் வந்த லிங்கை தட்டி செய்தி படிப்பவர்களுக்கு சிக்கல் இன்னும் ஒரு படி மேலே. அந்த லிங்க் பேஸ்புக் ஆப்புக்கு உள்ளேயே ஒரு ஜன்னலில் திறக்கும். உங்கள் கூகுள் லாகின் அந்த ஜன்னலுக்கு தெரியாது. சரி, அங்கேயே லாகின் செய்யலாம் என்று போனால், "இந்த பிரவுசர் பாதுகாப்பானது அல்ல" என்று கூகுளே பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். ஒருவர் வா என்கிறார், இன்னொருவர் போ என்கிறார். இப்படி மாட்டினால் மேலே உள்ள மூன்று புள்ளியை தட்டி, குரோம் போன்ற வெளி பிரவுசரில் திறந்துகொள்ளலாம்.

18 வயது வீடியோ

எல்லா லாகின் கேள்வியும் எந்திர சந்தேகத்தால் வருவது இல்லை. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று குறிக்கப்பட்ட வீடியோக்களை, லாகின் செய்யாமல் யூ-டியூப் காட்டாது. பெரும்பாலான வெளி தளங்களிலும் அவை ஓடாது. 'யூ-டியூப்பில் பாருங்கள்' என்று அங்கே அனுப்பிவிடும். கோரமான விபத்து காட்சிகள் சில இந்த ரகத்தில் வரும். பிள்ளைகள் கையில் போன் இருக்கும் வீடுகளில் இந்த தடையை குறை சொல்ல முடியாது.

வீடியோவின் சொந்தக்காரரே வெளி தளங்களில் ஓடக்கூடாது என்று பூட்டி வைத்திருந்தால் லாகின் செய்தாலும் பலன் இல்லை. பேஸ்புக் வீடியோவில், நண்பர்களுக்கு மட்டும் என்று போட்டதை வெளி தளத்தில் பார்க்க முடியாது.

போலி கட்டம், ஜாக்கிரதை!

லாகின் கேட்டு கேட்டு ஜனங்களுக்கு பழகிப்போய்விட்டது. மோசடி கும்பலுக்கு வேண்டியதும் இதுதான்.

"இந்த வீடியோவில் இருப்பது நீங்களா?" என்று நண்பர் பெயரில் மெசேஜ் வரும். பதறிப்போய் தட்டினால் அச்சு அசல் பேஸ்புக் மாதிரியே லாகின் பக்கம். பாஸ்வேர்டு போட்டால் அக்கவுண்ட் போயிற்று. அடுத்து உங்கள் பெயரிலேயே உங்கள் சொந்தபந்தங்களுக்கு அதே மெசேஜ் போகும். சில நேரம், "அவசரமாக பணம் அனுப்பு" என்றும் போகும்.

யூ-டியூப் லாகின் என்பது யூ-டியூப்புக்கு மட்டும் அல்ல. ஜிமெயில், கூகுள் போட்டோசில் உள்ள குடும்ப படங்கள், சேமித்து வைத்த போன் நம்பர்கள் என்று எல்லாவற்றுக்கும் ஒரே சாவி. 2 நிமிட வீடியோவுக்காக வீட்டு சாவியை நீட்டுகிற கதைதான்.

நிஜத்தை எப்படி அடையாளம் காண்பது? வீடியோ கட்டத்துக்குள்ளேயே பாஸ்வேர்டு கேட்டால் அது போலி. நிஜமான லாகின் தனி பக்கத்தில்தான் திறக்கும். மேலே உள்ள முகவரியில் 'அக்கவுண்ட்ஸ் டாட் கூகுள் டாட் காம்' என்று இங்கிலீசில் இருக்க வேண்டும். கூகுள் என்ற பெயர் இருந்தால் மட்டும் போதாது. எழுத்து கூடினாலோ, குறைந்தாலோ, 'டாட் காம்' முடிந்த இடத்தில் வேறு புள்ளி வைத்து பெயர் நீண்டாலோ வெளியே வந்துவிடுங்கள். வீடியோ பார்க்க 'பிளேயர்' ஆப் இறக்கு என்று ஏ.பி.கே. பைல் அனுப்பினால் தொடவே வேண்டாம். யு.பி.ஐ. பின் நம்பர் கேட்டால் அது வீடியோ விவகாரமே இல்லை, திருட்டு.

உண்மையில் பலருக்கு பாஸ்வேர்டே தேவைப்படாது. ஆண்ட்ராய்டு போனில் யூ-டியூப் ஆப் ஏற்கனவே ஜிமெயிலோடு இணைந்துதான் இருக்கும். வீடியோவின் தலைப்பை பார்த்து, ஆப்பை திறந்து அதே தலைப்பை தேடினால் வந்துவிடும். ஒன்று, அதில் பார்ப்பது எல்லாம் உங்கள் கணக்கில் பதிவாகும். ஒரே போனை வீட்டில் 4 பேர் பயன்படுத்தினால் 4 பேர் பார்த்ததும் ஒரே பட்டியலில் நிற்கும். வேண்டாம் என்றால் 'ஹிஸ்டரி' பகுதியில் அழிக்கலாம், பதிவதையே நிறுத்தியும் வைக்கலாம்.

செய்தி தளங்களும் கொஞ்சம் மனசு வைக்கலாம். வீடியோவை மட்டும் ஒட்டிவிட்டு 2 வரியோடு முடிக்காமல், அதில் என்ன இருக்கிறது என்று எழுதிவிட்டால் கட்டம் திறக்காதவருக்கும் விஷயம் போய் சேருமே!

தெரியாமல் போலி பக்கத்தில் பாஸ்வேர்டு போட்டுவிட்டால் உடனே அதை மாற்றுங்கள். கூகுள் கணக்கின் 'செக்யூரிட்டி' பகுதியில் எந்தெந்த போனில், கம்ப்யூட்டரில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது என்று பட்டியல் இருக்கும். தெரியாத கருவி இருந்தால் அங்கேயே 'சைன் அவுட்' கொடுக்கலாம். அவசரத்துக்கு நண்பர் போனிலோ, பிரவுசிங் சென்டரிலோ லாகின் செய்து மறந்ததும் அதில் தெரிந்துவிடும். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேச வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் கைமாறும் முன் வங்கியில் முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.