தோள் கொடுத்தவர்களுக்கும் ஒரு நாற்காலி

கால்பந்து கிளப் முதலாளிகளை எதிர்த்து ரசிகர்கள் தெருவுக்கு வரும்போது அரசுகள் என்ன செய்கின்றன? பிளாக்பர்னும் கொல்கத்தாவும் கோவையும் சொல்லும் பாடம்.

2012 மே 7, இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரம். ஈவுட் பார்க் மைதானத்தில் பிளாக்பர்ன் ரோவர்ஸ் அணிக்கு அன்று வாழ்வா சாவா ஆட்டம். தோற்றால் பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்க வேண்டும். ஆட்டத்தின் நடுவே, பார்வையாளர் பக்கமிருந்து ஒரு கோழி ஆடுகளத்துக்குள் விடப்பட்டது. அதன் உடம்பில் கிளப்பின் கொடி. விகன் அத்லெட்டிக்கிடம் 1-0 என்று தோற்று, 1995-ல் இங்கிலாந்தின் சாம்பியனாக இருந்த அந்த அணி அன்றிரவே கீழே இறங்கியது.

அந்தக் கோழிக்கும் நம் பக்கத்துக்கும் தொடர்பு உண்டு. பிளாக்பர்ன் ரோவர்ஸை 2010 நவம்பரில் வாங்கியது புனேயைச் சேர்ந்த வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் குழுமத்தின் வெங்கீஸ் நிறுவனம். இந்தக் குழுமத்தை நிறுவிய பி.வி.ராவ் முன்னின்று 1982-ல் உருவாக்கியதுதான் என்.இ.சி.சி. எனப்படும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு. நாமக்கல் மண்டலத்தில் இன்று முட்டை என்ன விலை என்று திருச்சி மாவட்டத் தொட்டியத்துக் கடைக்காரர் பார்க்கிறாரே, அந்த விலையை அறிவிக்கும் அதே அமைப்பு. கோழிப்பண்ணைத் தொழிலை அணுவணுவாக அறிந்த ஒரு குடும்பம், கால்பந்துக்குள் கால் வைத்த சில வாரங்களிலேயே அனுபவமிக்க மேலாளர் சாம் அலர்டைஸை வெளியே அனுப்பியது. 2012-ல் வந்த ஹென்னிங் பெர்க் என்ற மேலாளர் 57 நாள்தான் தாக்குப்பிடித்தார். 2017-ல் அணி மூன்றாம் நிலை லீக்குக்கே சரிந்து, மறு ஆண்டு மேலே ஏறி வந்தது.

வெங்கீஸ் பணம் போடாமல் இல்லை. ஆண்டுதோறும் நஷ்டத்தை ஈடுகட்டியது அவர்கள்தான். இந்தியாவில் வெளிநாட்டுப் பணப் பரிமாற்ற விசாரணை வந்தபோது, டெல்லி உயர்நீதிமன்றத்தின் அனுமதி வாங்கித்தான் பணம் அனுப்பினார்கள். ஆனாலும் பத்தாண்டுக்கு மேலாக அந்த ஊரில் ‘வெங்கீஸ் வெளியேறு’ என்ற குரல் அடங்கவில்லை. தாத்தா காலத்திலிருந்து வாரந்தோறும் சீட்டு வாங்கிப் போய் உட்கார்ந்தவர்களிடம், கிளப்பை விற்கும்போதும் யாரும் கேட்கவில்லை, நடத்தும்போதும் யாரும் கேட்கவில்லை. நஷ்டத்துக்கும் பணம் போட்டவர் மீது இத்தனை கோபம் வருவதற்கு வேர் இதுதான்.

மைதானத்தில் தடியடி, செயலகத்தில் தீர்வு

கிளப் யாருடையது என்ற இதே கேள்வி 2021 ஜூலை 21 அன்று கொல்கத்தா மைதானில் வெடித்தது. ஈஸ்ட் பெங்கால் கிளப் வாசலில் நூற்றுக்கணக்கான ரசிகர்கள் திரண்டார்கள். முதலீட்டாளரான ஸ்ரீ சிமெண்ட் நிறுவனத்தோடு இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கிளப் நிர்வாகிகள் மறுத்துவந்தார்கள். உறுப்பினர்களின் உரிமை பறிபோகும் என்பது அவர்கள் சொன்ன காரணம். கையெழுத்திடாவிட்டால் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடரில் அணி ஆட முடியாது என்பது எதிரே நின்றவர்களின் கவலை. ரசிகர்களே இரண்டு அணியாகப் பிரிந்து மோதிக்கொண்டார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. சிவப்பும் தங்க நிறமுமான சட்டையோடு அடி வாங்கியவர்களின் படங்களை மறுநாள் நாடே பார்த்தது.

ஈஸ்ட் பெங்கால் 1920-ல் பிறந்த கிளப். 1947 பிரிவினையில் கிழக்கு வங்கத்தில் வீடும் நிலமும் விட்டு வந்த லட்சக்கணக்கானவர்களுக்கு, இழந்த மண்ணின் பெயரோடு மிஞ்சியிருந்தது இந்த அணிதான். சுதந்திரத்துக்குப் பிறகான அதன் பொற்காலத்தில் ‘பஞ்ச பாண்டவர்’ என்று கொண்டாடப்பட்ட ஐந்து முன்கள வீரர்களும் தென்னிந்தியர்கள்: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. இப்படிப்பட்ட கிளப்பின் எதிர்காலம் ஒரு ஒப்பந்தத் தாளில் தொங்கும்போது மக்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பார்களா?

அரசியல் உடனே அசைந்தது. அந்த ஆண்டு மே மாதம்தான் ‘கேலா ஹோபே’, அதாவது ‘ஆட்டம் நடக்கும்’ என்ற முழக்கத்தோடு மம்தா பானர்ஜி தேர்தலில் வென்றிருந்தார். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான் ஆட்டத்தில் 16 ரசிகர்கள் உயிரிழந்த நாளையே ‘கேலா ஹோபே’ தினமாக அவர் அறிவித்தார். ஆகஸ்ட் 25 அன்று இரு தரப்பையும் தலைமைச் செயலகமான நபான்னாவுக்கு அழைத்துப் பேசினார், அணி ஐ.எஸ்.எல்.லில் ஆடும் என்று அறிவித்தார். ஸ்ரீ சிமெண்ட்டை 2020-ல் அழைத்து வந்ததும் முதல்வர்தான். 2022-ல் அந்த நிறுவனம் விலகியபோது இமாமி குழுமத்தைக் கொண்டுவந்ததும் முதல்வர்தான்.

முதல்வர் தலையிட்டதால் கிளப் பிழைத்தது. 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் அடித்த ஒரே கோலில் மோகன் பகானை வீழ்த்தி, அந்த அணியிடம் தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் தோற்ற வேதனைக்கு முடிவு கட்டியது. 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பையையும் வென்றது. ஆனால் நபான்னா மேசையைச் சுற்றி நிர்வாகிகள் இருந்தார்கள், முதலீட்டாளர் இருந்தார், அரசு இருந்தது. தடியடி வாங்கிய ரசிகனுக்கு அங்கே நாற்காலி இல்லை. முதல்வரின் கருணை ஒரு சீசனைக் காப்பாற்றும். அடுத்த சீசனில் அது கிடைக்கும் என்பதற்கு எந்தச் சட்டமும் உத்தரவாதம் தரவில்லை.

மூன்று எழுத்துக்கு எதிரான மூன்று ஆண்டுகள்

எதிர்த்திசையில் மோகன் பகான். 1911 ஜூலை 29 அன்று ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவு அணியை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயம் தூக்கிய அணி. ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலோடு ஆடினார்கள். 2020-ல் சஞ்சீவ் கோயங்காவின் ஆர்.பி.எஸ்.ஜி. குழுமம் இதன் கால்பந்துப் பிரிவில் 80 விழுக்காட்டை வாங்கி, தன்னிடமிருந்த ஏ.டி.கே. அணியோடு இணைத்தது. நூற்றாண்டு கடந்த பெயருக்கு முன்னால் ‘ஏ.டி.கே.’ வந்து உட்கார்ந்தது. ‘ஏ.டி.கே.வை நீக்கு’ என்று ரசிகர்கள் பதாகை பிடித்தார்கள், ஊர்வலம் போனார்கள். அணி வென்றபோதும் விடவில்லை. 2023 மார்ச் 18 அன்று கோவாவில் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற கையோடு, அந்த மூன்று எழுத்தை எடுத்துவிடுவதாகக் கோயங்கா அறிவித்தார். முதலாளி மனம் மாறினார், அது நல்லதுதான். மாறாமல் போயிருந்தால் ரசிகர்களிடம் வேறு கருவி எதுவும் இல்லை.

முதலாளிக்கும் ரசிகர்களுக்கும் உள்ள உறவுக்கு நம் பக்கத்தில் ஓர் உவமை உண்டு. தொட்டியம் மதுரகாளியம்மன் கோயில் திருவிழாவில் தேர் வடத்தில் ஓடுவதில்லை, தோளில் போகிறது. கோயில் நிர்வாகத்துக்கு அறங்காவலர் வரலாம், மாறலாம். தேர் நகர்வது ஊர் கொடுக்கும் தோளில். கிளப்புக்குப் பணம் போடுகிறவரும் அறங்காவலர் என்ற உணர்வோடு இருக்க வேண்டியவர்தான். அந்த உணர்வைச் சட்டமாக்க முடியுமா? முடியும் என்று ஐரோப்பா காட்டியிருக்கிறது.

கோபம் சட்டமான கதை

2021 ஏப்ரல் 18 அன்று ஐரோப்பாவின் 12 பெரிய கிளப்புகள் தங்களுக்குள் ‘சூப்பர் லீக்’ தொடங்குவதாக அறிவித்தன. தகுதி பெற்று உள்ளே வர வேண்டிய அவசியமே இல்லாத, பணக்காரர்களுக்கான நிரந்தர இடம். இரண்டே நாளில் செல்சி ரசிகர்கள் மைதான வாசலை அடைத்தார்கள். அன்றிரவே ஆறு இங்கிலாந்து கிளப்புகளும் பின்வாங்கின. மே 2 அன்று மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள், 2005-ல் கடன் வாங்கி கிளப்பை வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டிய கிளேசர் குடும்பத்தை எதிர்த்து ஓல்டு டிராஃபோர்டுக்குள் நுழைந்தார்கள். லிவர்பூலுடனான ஆட்டமே தள்ளிப்போனது.

பிரிட்டிஷ் அரசு அறிக்கையோடு நிற்கவில்லை. ஏப்ரல் 19 அன்றே முன்னாள் விளையாட்டு அமைச்சர் டிரேசி கிரவுச் தலைமையில் ரசிகர்களை மையமாக வைத்த ஆய்வுக்குழுவைத் தொடங்கியது. நவம்பரில் அது 47 பரிந்துரைகளைத் தந்தது. பழமைவாதக் கட்சி கொண்டுவந்த மசோதா தேர்தலால் காலாவதியானது. தொழிற்கட்சி வந்து அதை மறுபடி கொண்டுவந்தது. 2025 ஜூலையில் அது கால்பந்து ஆளுகைச் சட்டமானது. இனி கிளப் உரிமையாளரின் தகுதியைச் சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு ஆராயும். கிளப்பின் சின்னத்தையோ சொந்த மைதானச் சட்டை நிறத்தையோ ரசிகர்களின் ஒப்புதல் இல்லாமல் மாற்ற முடியாது. மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டான் 2012-ல் கார்டிஃப் சிட்டியின் நீலச் சட்டையைச் சிவப்பாக்கி, போராட்டத்துக்குப் பின் 2015-ல் நீலத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அதுபோன்ற முடிவை முதலாளி இனித் தன்னிச்சையாக எடுக்க வழியில்லை.

ஜெர்மனி இன்னும் முன்னால் நிற்கிறது. 1998 முதல் அங்கே ‘50+1’ விதி: ஓரிரு விலக்குகள் தவிர, கிளப்பின் வாக்குரிமையில் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் லீக் நிர்வாகம் ஒளிபரப்பு வருவாயில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்கு விற்க முடிவெடுத்தபோது, ரசிகர்கள் ஆடுகளத்தில் டென்னிஸ் பந்துகளை எறிந்து ஆட்டங்களை நிறுத்தினார்கள். 2024 பிப்ரவரி 21 அன்று அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

குரல் எழும்பாத கோவை

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் சாம்பியன் ஆனது. அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் அதில் பங்கு வாங்கியது. 2021-க்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கில் ஆடவில்லை. இந்தியாவின் சாம்பியன் கிளப் ஒன்று இப்படிக் காணாமல் போனபோது, கொல்கத்தா போல ஒரு தெருவும் அதிரவில்லை. பெயர் சென்னை, மைதானம் கோவை. இரண்டு ஊரிலும் வேர் பிடிக்கும் முன்பே கிளப் முடிந்துபோனது. கேள்வி கேட்கும் ரசிகர் கூட்டம் முதலாளிக்குத் தொல்லை என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அந்தக் கூட்டம் இல்லாத இடத்தில் கிளப்புக்காக அழவும் ஆள் இருப்பதில்லை.

முதலாளி இல்லாமல் தொழில்முறை கால்பந்து நடக்காது என்பது உண்மை. நஷ்டத்தைத் தாங்குகிறவருக்கு அதிகாரம் வேண்டும் என்பதும் நியாயம். அந்த அதிகாரத்துக்கு எல்லை வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தை நிறைவேற்றியது. சம்மேளனங்களின் நிர்வாகத்தில் வீரர்களுக்கு இடம் தந்தது, அது வரவேற்கத்தக்கது. சீட்டு வாங்கி அணியைத் தாங்கும் ரசிகர்களுக்கும் இடம் தருவது அடுத்த படியாக இருக்க வேண்டும். கிளப் உரிமம் வழங்கும்போது அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் மூன்று நிபந்தனைகளை விதிக்கலாம். பெயர், சின்னம், நிறம், ஊர் ஆகியவற்றை மாற்றப் பதிவுபெற்ற ரசிகர் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். நிர்வாகக் குழுவில் ரசிகர் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும். முதலீட்டாளர் விலகும்போது ஆட்ட உரிமையும் வீரர்களின் சம்பளமும் காப்பாற்றப்பட வேண்டும். இதற்குப் பெரும் செலவு ஆகாது, மனம்தான் வேண்டும்.

தமிழ்நாட்டில் நாளை திருச்சிக்கோ கோவைக்கோ மதுரைக்கோ ஒரு கிளப் வந்தால், கைதட்டுவதோடு நிற்காதீர்கள். முதல் நாளே சங்கமாகப் பதிவு செய்யுங்கள், ஒப்பந்தத்தில் உங்களுக்கு என்ன இடம் என்று கேளுங்கள். தடியடிக்குப் பிறகு கிடைக்கும் கருணையைவிட, கையெழுத்துக்கு முன்பே பெறும் உரிமைதான் நிற்கும்.