கணக்கு உதைத்த இடம்

குடலில் புரதம் சிதைந்து பிறக்கும் அம்மோனியா, கல்லீரலில் தடைபடாமல் மூளையை எட்டுமானால், மனிதன் பேச்சுத் தடுமாறி, நினைவு தப்பி, கடைசியில் மயக்கத்தில் ஆழ்ந்துவிடுவான் என்பது, கல்லீரல் சுருங்கிய நோயாளிகளைப் பார்த்துவரும் வைத்தியர்கள் யாவரும் அறிந்த விஷயம். அம்மோனியாவை யூரியாவாக மாற்றிச் சிறுநீரோடு போக்கும் சுழற்சியை ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்ஸலைட்டும் 1932-லேயே ஜெர்மனியில் கண்டு சொல்லிவிட்டபடியால், இதில் ஆராய இனி என்ன மிச்சம் என்று கேட்கத் தோன்றுவது இயல்பே.

மிச்சம் இருக்கத்தான் செய்தது. 2010-ல் பெர்லின் ஷரிட்டே மருத்துவமனை விஞ்ஞானிகள், மனிதக் கல்லீரல் உயிரணுவுக்கென்றே 777 பொருள்களும் 2,539 வினைகளும் அடங்கிய பெரிய பட்டியல் ஒன்றைக் கணினியில் அமைத்தார்கள். எந்தப் பொருள் எதுவாக மாறக்கூடும் என்று அது சொல்லும். கல்லீரலின் எந்த மூலையில் என்று சொல்லாது. ஆனால் அம்மோனியா விஷயத்தில் இடம்தான் சூட்சுமம். கல்லீரலின் சிறு அலகாகிய, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒவ்வொரு நுண்மடலிலும் இரத்தம் ஓரத்தில் புகுந்து நடுச்சிரையை நோக்கி ஓடுகையில், ஓரத்து உயிரணுக்கள் யூரியாவை உண்டாக்க, அவற்றுக்குத் தப்பிய அம்மோனியாவை நடுச்சிரையை ஒட்டிய மெல்லிய வளையம் குளூட்டமினாகப் பிடித்துக்கொள்கிறது.

கல்லீரல் சேதத்தை ஆராய்வதற்காகக் கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் ரசாயனத்தைக் கொடுத்த எலியில் அழிவது அந்த நடுப்பகுதியே. அந்த ரசாயனத்தைக் கொடிய நஞ்சாக மாற்றும் நொதி அங்கேதான் மிகுதி. (விஷத்துக்கு வீரியம் ஊட்டுவதும் கல்லீரலே என்பது ஒரு விநோதந்தான்!) ஜெர்மன் ஆராய்ச்சியாளர் குழு ஒன்று, இந்தச் சேதமும் அது ஆறும் முறையும் அம்மோனியாவின் போக்கும் ஒன்றாக இயங்கும் மாதிரியைக் கணினியில் அமைத்து, ஊர்க் கணக்குப்பிள்ளை வரவையும் செலவையும் எழுதி மீதி பார்ப்பதுபோல், புகுந்ததையும் வெளியேறியதையும் ஒப்பிட்டுப் பார்த்தது. கணக்கு உதைத்தது. அறிந்த வழிகளையெல்லாம் கூட்டியும், எலியின் உடலில் இன்னும் கொஞ்சம் அம்மோனியா எங்கோ செலவாகியிருந்தது. மாதிரி பிழை என்று ஒதுக்கிவிடாமல், நாம் அறியாத செலவு ஒன்று இருக்கவேண்டும் என்று 2014-ல் அவர்கள் துணிந்து எழுதியதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

2016-ல் விடை கிடைத்தது. சாதாரணமாக அம்மோனியாவை வெளிவிடும் குளூட்டமேட் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி, அம்மோனியா மிகுந்த நிலையில் தலைகீழாக இயங்கி அதையே உட்கொள்கிறது. அந்நொதியோடு அதற்கு வேண்டிய துணைப்பொருள்களையும் சேர்த்து எலிகளின் இரத்தத்தில் செலுத்தியபோது அம்மோனியா தணிந்தது.

எலிக்குப் பலித்தது நோயாளிக்கும் பலிக்கும் என்று அவசரப்படுவதற்கில்லை. ஒரே தடவை நஞ்சுண்ட எலியில், நடுப்பகுதி அழிந்தாலும் நுண்மடலின் அடிப்படை அமைப்பு நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் சுருங்கிய மனிதக் கல்லீரலிலோ தழும்பு நார்கள் ஊடுருவி, இரத்தம் ஓடும் வழியே மாறிவிடுவதால், வரைபடத்தையே புதிதாக வரைந்துகொண்டுதான் கணக்கைத் தொடங்கவேண்டும்.