கல்விப் பணம் யார் பின்னால் போகவேண்டும்?

பத்து பாகாட்டிலிருந்து ஆயர் ஈத்தாம் போகும் சாலையில், ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது பாரிட் ராஜா. இந்தச் சிற்றூரை நாடறியச் செய்தது துன் உசேன் ஓன் மலேசியா பல்கலைக்கழகம். 1993இல் பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கான பயிற்சி மையமாகத் தொடங்கிய அது, 2007இல் முழுப் பல்கலைக்கழகமானது. அங்கே பொறியியல் படிக்கும் மாணவர் கட்டும் கட்டணம், அவர் படிப்புக்கு உண்மையில் ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான். மீதியை அரசாங்கம் ஏற்கிறது.

அதே வட்டாரத்தில் எஸ்.பி.எம். எழுதிய இன்னொரு பிள்ளையைப் பாருங்கள். நல்ல தேர்ச்சிதான். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் மெட்ரிகுலேஷன் இடம் வரவில்லை. இன்னொரு வழியான எஸ்.டி.பி.எம். படிக்கக் குடும்பத்துக்குத் துணிவில்லை. கடைசியில் ஒரு தனியார் கல்லூரி, முழுக் கட்டணம், அரசின் பிடிபிடிஎன் கடன், அதுவும் போதாமல் அம்மாவின் நகை. விற்பனை வரியையும் சேவை வரியையும் இரண்டு குடும்பங்களும்தான் கட்டுகின்றன. ஒரு பிள்ளைக்கு அந்த வரிப்பணம் படிப்பாகத் திரும்பி வருகிறது. மற்றதற்குக் கடனாக வருகிறது.

உயர்கல்விக்கு அரசாங்கம் பணம் கொடுக்கும் முறையைச் சந்தைப் பொருளியலாளர்கள் குறைசொல்லும்போது, ஏழைக்கு எதிராகப் பேசுகிறார்கள் என்று நம்மில் பலர் காதைப் பொத்திக்கொள்கிறோம். அவர்கள் சொல்வதில் பாதி, நம் வீட்டுக் கதை. அதைக் கேட்டே ஆகவேண்டும்.

ஃபிரீட்மன் சொன்னது

அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் 1955இல் கல்வியில் அரசின் பங்கு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நல்ல குடிமக்களை உருவாக்கும் பொதுக்கல்விக்கு அரசு செலவிடலாம். ஆனால் மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்பின் பலன் பெரும்பாலும் படித்தவருக்கே சம்பளமாகப் போய்ச் சேருகிறது, அதன் செலவை ஊர் முழுவதும் ஏன் சுமக்கவேண்டும் என்று கேட்டார். கொடுப்பதானால் நிறுவனத்துக்குக் கொடுக்காமல் மாணவரிடம் கொடுங்கள், விரும்பிய இடத்தில் அவர் படிக்கட்டும் என்றார். இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய அமெரிக்க வீரர்களின் படிப்புச் செலவை அரசு அப்படித்தான் ஏற்றது. பணம் வீரரோடு போனது. எந்தக் கல்லூரி என்பதை அவரே முடிவு செய்தார்.

1969இல் ஹான்சன், வைஸ்பிராட் என்ற இரு பொருளியலாளர்கள் கலிபோர்னியாவை ஆராய்ந்தபோது, அரசுப் பல்கலைக்கழக மானியத்தில் பெரும்பங்கு வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கே போவதைக் கண்டார்கள். காரணம் எளிது. பல்கலைக்கழக வாசல்வரை வந்து சேருபவர்களே பெரும்பாலும் வசதியுள்ளவர்கள்.

நம் நாட்டில் அந்த வாசலில் இன்னொரு கதவும் உண்டு. மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ரா மாணவர்களுக்கு என்பது நீண்ட கால ஏற்பாடு. 10 'ஏ'யும் அதற்கு மேலும் பெற்ற எல்லாருக்கும் இனம் பாராமல் இடம் உண்டு என்று 2024இல் அரசாங்கம் அறிவித்தது. வரவேற்கவேண்டிய முடிவு. ஆனால் 7 'ஏ' எடுத்த தொழிலாளி வீட்டுப் பிள்ளையின் கவலை அதனால் தீர்ந்துவிடவில்லை. மானியம் இருக்கைக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கும்வரை, இருக்கை கிடைக்காதவருக்கு மானியமும் இல்லை.

கடன் வந்த கதை

1996இல் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்து தனியார் கல்லூரிகள் பெருகின. அடுத்த ஆண்டே தேசிய உயர்கல்வி நிதிக் கழகம், அதாவது பிடிபிடிஎன், செயல்படத் தொடங்கியது. இந்தக் கடன் இல்லாமல் பட்டம் பெற்றிருக்கவே முடியாத தமிழ்ப் பிள்ளைகள் ஏராளம். அந்த நன்றியை மறக்கக்கூடாது. ஆனால் வேலை கிடைத்ததா, சம்பளம் எவ்வளவு என்று பாராமல் தவணை கேட்டதும், கட்டாதவர்களை வெளிநாடு போகவிடாமல் தடுத்ததும் இதே ஏற்பாடுதான். அந்தப் பயணத்தடை 2018இல்தான் நீங்கியது.

அந்த ஆண்டு அபூர்வமான ஒரு திருப்பமும் நடந்தது. சந்தைப் பொருளாதாரத்தை ஆதரிக்கும் ஐடியாஸ் ஆய்வு அமைப்பின் முதல் தலைமைச் செயல் அதிகாரி வான் சைபுல் வான் ஜான், பிடிபிடிஎன் தலைவரானார். சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தொடும்வரை கடனைக் கட்டவேண்டாம் என்று பக்காத்தான் ஹராப்பான் தேர்தலில் வாக்குறுதி அளித்திருந்தது. டிசம்பரில் வந்த அறிவிப்போ வேறு: 2,000 ரிங்கிட்டிலிருந்தே, வருமானத்துக்கு ஏற்ப 2 முதல் 15 விழுக்காடு வரை சம்பளத்தில் பிடித்தம். எதிர்ப்பு கிளம்பியது, திட்டம் சில நாட்களில் ஒத்திவைக்கப்பட்டது.

வருமானத்தைப் பார்த்து வசூலிக்கும் எண்ணத்தில் தவறில்லை. ஆஸ்திரேலியா 1989 முதல் அப்படித்தான் செய்கிறது: படிக்கும்போது கையிலிருந்து கட்டவேண்டியதில்லை, சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகு வரியோடு சேர்த்துப் பிடிப்பார்கள், வேலை போனால் பிடித்தமும் நிற்கும். நம்மூரில் வரம்பைத் தாழ்வாக வைத்தார்கள், கொடுத்த வாக்கை மாற்றினார்கள், மக்களிடம் பேசாமல் அறிவித்தார்கள். ஒரு நல்ல கொள்கை அதனால் கெட்ட பெயர் வாங்கியது.

சந்தையால் மட்டும் ஆகாதது

அப்படியானால் எல்லாவற்றையும் சந்தையிடமே விட்டுவிடலாமா? கூடாது. வங்கி வீட்டை அடகு வாங்கும். மூளையை அடகு வாங்காது. தோட்டத்தை விட்டு வெளியேறி வாடகை வீட்டில் இருக்கும் குடும்பத்தின் பிள்ளைக்கு எந்த வங்கி கடன் தரும்? இந்தக் குறையை ஃபிரீட்மனே ஒப்புக்கொண்டார். அரசு முதலில் பணம் போட்டு, பின்னால் படித்தவரின் வருமானத்தில் ஒரு பங்கைத் திரும்பப் பெறலாம் என்று அவர் சொன்னது அதனால்தான்.

சமூகமே பார்த்துக்கொள்ளட்டும் என்பதும் முழு விடையாகாது. பத்து பாகாட் மாவட்டத்திலேயே நகரில் ஒன்றும் யோங் பெங்கில் ஒன்றுமாகச் சீன சுயநிதி உயர்நிலைப்பள்ளிகள் உள்ளன. சீன வணிகர்களும் பெற்றோர்களும் அவற்றைத் தாங்கி நிற்கிறார்கள். நம்மிடமும் கூடிப் பணம் சேர்க்கும் முயற்சி இருந்தது. 1960இல் துன் சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினார். பால்மரம் வெட்டியவர்களின் காசில் தோட்டங்களே வாங்கப்பட்டன. ஆனால் வணிக முதலீடு உள்ள சமூகமும் நாட்கூலியில் சேமித்த சமூகமும் ஒரே சுமையைத் தூக்க முடியாது.

இன்னோர் எச்சரிக்கையும் தேவை. உதவிப் பணம் பெருகினால் கல்லூரிகள் கட்டணத்தை ஏற்றும் என்று அமெரிக்கக் கல்வித்துறையின் தலைவராக இருந்த வில்லியம் பென்னட் 1987இல் எழுதினார். எல்லாக் கல்லூரிக்கும் அது பொருந்தாது. ஆனால் ஸ்டெஃபனி செலினி, கிளாடியா கோல்டின் 2014இல் வெளியிட்ட ஆய்வு, லாப நோக்குள்ள அமெரிக்கக் கல்லூரிகளில் அரசு உதவிக்குத் தகுதி பெற்றவை, தகுதி பெறாத அதே வகைக் கல்லூரிகளைவிட ஏறக்குறைய 78 விழுக்காடு கூடுதலாக வசூலிப்பதைக் காட்டியது. மாணவர் பெயரில் வரும் பணத்தைக் கல்லூரி முதலாளி விழுங்கவும் வழி உண்டு.

ஆகவே நாம் கேட்கவேண்டியவை மூன்று. ஒன்று, பணம் மாணவரோடு போகட்டும்: அரசுப் பல்கலைக்கழகமோ, தரச்சான்று பெற்ற தனியார் கல்லூரியோ, குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைக்கு அரசாங்கப் பங்கு ஒன்றாக இருக்கவேண்டும். இரண்டு, கடன் சம்பளத்தைப் பார்த்து வசூலாகட்டும். வரம்பு ஒரு குடும்பம் கௌரவமாக வாழப் போதுமானதாக இருக்கட்டும். மூன்று, கல்லூரியும் பொறுப்பேற்கட்டும்: படித்து முடித்தவர் எத்தனை பேர், வேலை பெற்றவர் எத்தனை பேர் என்று படிப்புவாரியாக வெளியிடாத கல்லூரிக்குப் பொதுப்பணம் போகக்கூடாது.

தேர்தல் வரும்போது கடன் தள்ளுபடி பற்றிப் பேச எல்லாக் கட்சியும் வரும். தள்ளுபடி இன்று கடன் வைத்திருப்பவருக்கு மட்டும் நிம்மதி தரும்; அடுத்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைக்கு அதில் எதுவுமில்லை. வாக்குக் கேட்டு வருபவரிடம் இந்த மூன்றையும் முன்வைத்து, எழுத்தில் பதில் கேட்போம்.