மழை பெய்தாலும் கவலை, பெய்யாவிட்டாலும் கவலை

ஆரணி என்றதும் பட்டுச் சேலை நினைவுக்கு வரும், அடுத்தபடியாக அரிசி. ஊரைச் சுற்றியுள்ள தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற கிராமங்களில் வீட்டுக்குள் ஒரு குழித்தறி, ஊருக்கு வெளியே அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ நிலம் என்று இரண்டையும் வைத்துக் குடும்பம் நடத்துவோர் உண்டு. ஒன்று கைவிட்டால் மற்றொன்று காப்பாற்றும் என்பது கணக்கு. பல ஆண்டுகளில் இந்தக் கணக்கு சரியாகவும் வந்திருக்கிறது. ஆனால் கவலை என்று வரும்போது இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து கொள்கின்றன.

ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பிடித்தால் ஏரியும் கிணறும் நிரம்பும், சம்பா தப்பிக்கும். அதே மழையில் தறிக்குழியில் ஈரம் ஊறும். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டுக் காய வைக்கும் வேலை நின்றுவிடும். சேலை அறுத்துக் கொடுத்தால்தானே கூலி? மழை பெய்யாவிட்டால் தறி ஓடும், பயிர் காயும். ஒரு மகளை உழவன் வீட்டுக்கும் மற்றொரு மகளைக் குயவன் வீட்டுக்கும் கொடுத்துவிட்டு வானத்தைப் பார்த்து நின்றவள் கதைதான் இது. அவளுக்காவது இரண்டு வீடு. இங்கே இரண்டும் ஒரே வீட்டில்.

2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கு, பட்டுச் சேலை அதிகம் விற்கும் கல்யாண மாதங்களில் வந்து விழுந்தது. தறிகள் நின்றன. அடுத்து வந்த ஆண்டுகளில் கச்சாப் பட்டின் விலை ஏறியது. 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலின் மழையில் திருவண்ணாமலை மாவட்டத்தில் வயல்கள் நீரில் மூழ்கின. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக அடி விழும்போது மனது தளர்வதில் வியப்பில்லை. வியப்பு வேறொன்றில் இருக்கிறது. நெற்பயிரில் இலை பழுத்தால் மறுநாளே அதைப் பறித்துக்கொண்டு வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போகிற விவசாயி, தனக்கு ஒரு மாதமாகத் தூக்கமில்லை என்பதை மனைவியிடம்கூடச் சொல்வதில்லை.

உடம்பில் நடப்பது என்ன?

வரப்பில் நடக்கும்போது காலடியில் பாம்பு ஊர்ந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு வேகமாகும், உள்ளங்கை வியர்க்கும். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் சுரக்கும் நீர் ரத்தத்தில் கலப்பதால் ஏற்படும் மாறுதல் இது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்கிறது. இதை அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் கேனன் என்னும் உடலியல் அறிஞர் 1915ஆம் ஆண்டிலேயே விளக்கி எழுதினார்.

பாம்பு ஒரு நிமிடத்தில் போய்விடும். உடம்பும் அடங்கிவிடும். கடன் தவணை அப்படிப் போவதில்லை. அது தினமும் வரப்பிலேயே படுத்திருக்கிறது. எனவே அடங்க வேண்டிய உடம்பு அடங்காமல் வாரக்கணக்கில் விறைத்து நிற்கிறது. பசி குறைகிறது, வயிறு கலக்குகிறது, தோளும் கழுத்தும் வலிக்கின்றன, சிறு பேச்சுக்கும் கோபம் வருகிறது. தறியில் உட்காருகிறவர் கழுத்து வலியைத் தறியின் மேல் போட்டுவிடுவார். பல சமயம் தறியும் காரணம், கவலையும் காரணம்.

இதில் பெரிய நட்டம் வலி அல்ல. தூக்கம் கெட்ட தலையில் எடுக்கும் முடிவுதான். நாலு நாள் பொறுத்தால் நல்ல விலை கிடைக்கும் என்று தெரிந்தும் வந்த விலைக்கு நெல்லைத் தள்ளிவிடுவது, பால் கறக்கிற மாட்டைப் பாதி விலைக்கு விற்பது, ஒரு கடனை அடைக்கக் கந்து வட்டிக்கு மறு கடன் வாங்குவது எல்லாம் இத்தகைய இரவுகளுக்கு மறுநாள் காலையில் நடப்பவை. மனக்கவலையைப் பற்றி விவசாயப் பக்கத்தில் பேசுவதற்கு இதுவே போதிய காரணம்.

ராத்திரியில் கணக்குப் போட வேண்டாம்

மின்மோட்டார் வருவதற்கு முன் கிணற்றில் கவலை ஓட்டினார்கள். மாடுகள் ஒரே சரிவில் இறங்குவதும் பின்னால் வருவதுமாக நாள் முழுவதும் நடக்கும். அந்தக் கவலையாவது தண்ணீர் இறைத்தது. படுக்கையில் ஓட்டுகிற கவலை ஒரு சொட்டும் இறைப்பதில்லை. "கவலைப்படாதே" என்று சொல்வதாலும் அது நிற்காது. அதற்கென்று ஒரு நேரம் ஒதுக்குவதுதான் நல்ல வழி என்று மனநல வல்லுநர்கள் கூறுகின்றனர்.

வெளிச்சம் இருக்கும்போதே, மாலை 5 மணி என்று வைத்துக்கொள்ளலாம், தினமும் அரை மணி நேரம் உட்கார வேண்டும். பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்று போதும். மனதை அரிப்பதை எல்லாம் அதில் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதிக்கொள்ளலாம். பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, இந்த வாரம் கையால் செய்யக்கூடியதை ஒரு பக்கமும், கையில் இல்லாததை மறு பக்கமும் பிரிக்க வேண்டும். மழை மறு பக்கத்துக்குப் போகும். பட்டு விலையும் அங்கேதான். ஆனால் கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடன் தவணை இந்தப் பக்கம் வரும். குறித்த தேதிக்குள் கட்டினால் அந்தக் கடனுக்கு வட்டி இல்லை. தேதி தவறினால் வட்டி ஏறும். பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் என்றைக்கு என்பதும் இந்தப் பக்கம்தான். சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 100க்கு 1.50 ரூபாய்தான் விவசாயியின் பங்கு.

கடன்களை எழுதும்போது யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, என்றைக்குத் தர வேண்டும் என்று நான்கையும் எழுத வேண்டும். தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தையும் விட்டுவிடக் கூடாது. எழுதி முடித்தால் பெரும்பாலும் ஒன்று தெரியவரும். ஆறு கடனில் கழுத்தை நெரிப்பது ஒன்றோ இரண்டோதான். "எல்லாம் போய்விட்டது" என்று ராத்திரியில் தோன்றியது, "தை 15க்குள் எட்டாயிரம் ரூபாய் புரட்ட வேண்டும்" என்று காகிதத்தில் சுருங்கி நிற்கும். எட்டாயிரமும் சிறிய தொகை அல்ல. ஆனாலும் அதற்கு யாரைப் போய்ப் பார்ப்பது என்று யோசிக்கலாம். எல்லாம் போனதற்கு யாரைப் போய்ப் பார்ப்பது? தவணைக்குப் பணம் சேராது என்று தெரிந்தால் தேதிக்கு முன்பே சங்கத்துக்கோ வங்கிக்கோ போய்ப் பேச வேண்டும். நோட்டீசு வந்த பிறகு போவதைவிட இது மேல்.

இரவில் அதே எண்ணம் எழுந்தால், நாளை 5 மணிக்குப் பார்க்கலாம் என்று தள்ளிவைக்கப் பழக வேண்டும். முதல் வாரம் இது கைகூடாது; பிறகு பழகிவிடும். படுத்து 20 நிமிடம் போல் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது வந்து படுக்கலாம். கைபேசியை எடுக்கக் கூடாது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் விடியலில் ஒரே நேரத்தில் எழுவது நல்லது. மாலைக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து வெளியே விட்டால் நெஞ்சுப் படபடப்பு சற்றுத் தணியும். ஐந்து நிமிடம் செய்தால் போதும்.

குடித்தால் தூக்கம் வரும் என்பது பாதி உண்மை. முதல் சாமத்தில் தூக்கம் வரும். அது இறங்கியதும் நடுராத்திரியில் விழிப்பு வந்து, விடியும் வரை கண் மூடாது. மறுநாள் கவலை கூடும். செலவு வேறு.

மனம் சோர்ந்தவர் முதலில் சின்னச் சின்ன வேலைகளை விடுவார். மாட்டைக் குளிப்பாட்டுவதை, கோயிலுக்குப் போவதை, கழனியைச் சுற்றி வருவதை ஒவ்வொன்றாக நிறுத்துவார். மனது சரியானதும் செய்யலாம் என்று காத்திருப்பார். அது தலைகீழ். வேலையை மறுபடி தொடங்கினால்தான் மனது பின்னால் வரும். அதிகாலையில் கழனி வரை நடந்து வருவதை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளலாம்.

ஆப்பிரிக்காவில் ஒரு பெஞ்சு

ஜிம்பாப்வே நாட்டில் மனக்கவலையை, "அளவுக்கு மீறி யோசித்தல்" என்று பொருள்படும் ஒரு சொல்லால் குறிப்பிடுகிறார்கள். நம் ஊர்ப் பேச்சிலும் "ரொம்ப யோசிக்கிறான்" என்றுதானே சொல்கிறார்கள்? அங்கே மனநல மருத்துவர்கள் மிகக் குறைவு. டிக்சன் சிபாண்டா என்னும் மருத்துவர் 2006ஆம் ஆண்டு தலைநகர் ஹராரேயில் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மருத்துவமனை வளாகத்தில் ஒரு மர பெஞ்சு. கவலையோடு வருபவர் அதில் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். பாட்டி குறுக்கே பேசாமல் கேட்பார். பிறகு பிரச்சினைகளில் ஒன்றை மட்டும் எடுத்து, அதற்கு அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்பார். 2016இல் வெளிவந்த ஆய்வில், இப்படிப் பேசியவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடக் கூடுதல் குணம் தெரிந்தது.

ஆரணிப் பக்கத்து வீடுகளில் திண்ணை இன்னும் இருக்கிறது. கேட்பவர்தான் குறைந்துவிட்டார். கேட்கிறவர் "உனக்காவது பரவாயில்லை" என்று தன் கதையைத் தொடங்காமலும், உடனே புத்திமதி சொல்லாமலும் இருந்தாலே பாதி உதவி. வீட்டுக் கடனை மனைவியிடம் மறைப்பதால் பயனில்லை. அவருக்குப் பெரும்பாலும் தெரிந்தேதான் இருக்கும். தொகை மட்டும் தெரியாமல் அவரும் தனியாகத் தூக்கம் கெட்டுக் கிடப்பார்.

மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

மேலே சொன்னவை எல்லாக் கவலைக்கும் போதா. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனச்சோர்வு, எதிலும் நாட்டமின்மை, விடியலுக்கு வெகு முன்பே விழித்துக்கொள்ளுதல், சாப்பாடு இறங்காமை, தன்னால் எல்லோருக்கும் பாரம் என்ற எண்ணம் ஆகியவை இருந்தால் அது நோய். சர்க்கரை நோயைப் போல அதற்கும் மருந்து உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இதற்குச் சிகிச்சை தரப்படுகிறது. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம். மருந்து சாப்பிட்ட மறுநாளே குணம் தெரியாது. இரண்டு முதல் நான்கு வாரங்கள் பிடிக்கும். சற்றுத் தேறியதும் தானாக நிறுத்திவிடக் கூடாது. தூக்க மாத்திரையைக் கடையில் தாமாக வாங்கி விழுங்குவது ஆபத்து.

வாழ்ந்து என்ன பயன் என்று ஒருவர் பேசினால் அதைச் சும்மா பேச்சு என்று விட்டுவிடாமல், அவரைத் தனியே விடாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். அத்தகைய வேளையில் வீட்டில் பூச்சிமருந்து இருக்கக் கூடாது. கடலூர் மாவட்டத்தின் சில கிராமங்களில் சிநேகா அமைப்பைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் பூச்சிமருந்தை வீடுகளில் வைக்காமல், பொது இடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்தனர். விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டனர். அப்படி வசதி இல்லாத ஊரில் தேவைக்கு மட்டும் வாங்கி, மிச்சத்தைப் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுத்து வைக்கலாம்.

நேரில் போகத் தயங்குவோர் தொலைபேசியில் பேசலாம். தமிழக அரசின் 104, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் 14416 ஆகிய எண்களுக்குக் கட்டணம் இல்லை. 14416இல் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.