வாழ்வியலாகும் விசுவாசம்: செஞ்சி முதல் ஓரியூர் வரை

கிறித்தவ விசுவாசம் அன்றாட வாழ்வில் மெய்ப்படுவதைப் புனித அருளானந்தரின் பணி தெளிவுறுத்துகிறது. லிசுபனில் பிறந்த இவ்வியேசு சபைத் துறவி, 1674-இல், இன்றைய வல்லம் வட்டாரத்தை உள்ளடக்கிய செஞ்சி நாட்டில் பணி தொடங்கினார். பண்டார சுவாமி கோலமும் மரக்கறி உணவும் அவரது ஒழுகலாறாயின. பிராமணத் துறவுக் கோலத்தைப் போலன்றி, இக்கோலம் ஒடுக்கப்பட்ட மக்களோடும் பழக இடமளித்தது.

இல்லறத்தாருக்கோ விசுவாசம் மணவுறவையே மாற்றுவதாயிற்று. மறவர் நாட்டுத் தடியத்தேவர் 1693-இல் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவியை மட்டும் ஏற்றுப் பிறரை விலக்கினார். விலக்கப்பட்டோருள் சேதுபதியின் உறவினரான ஒருவர் மன்னரிடம் முறையிட்டார். அவ்வாண்டு பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தர் கொல்லப்பட்டார்.

விசுவாச வாழ்வின் விலையைக் குரு உயிரால் செலுத்தினார். விலக்கப்பட்ட மனைவியரோ தாம் தேராத விசுவாசத்திற்காக மணவுறவை இழந்தனர். ஆகவே, மறைசாட்சியின் இறப்போடு அப்பெண்டிரின் நிலையும் ஆய்வுக்குரியதாகும்.